தண்ணீரை மலையில் விதைத்தவர்கள்

அந்தலூஸைப் பற்றி நம்மிடையே நடக்கும் உரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முடியும். 1492 ஜனவரி 2. கிரனாடாவின் கடைசி மன்னர் அபூ அப்துல்லாஹ் நகரின் சாவிகளை ஒப்படைக்கிறார். போகும் வழியில் கணவாய் ஒன்றில் நின்று அல்ஹம்ராவைத் திரும்பிப் பார்த்து அழுகிறார். தாய் கடிந்துகொள்கிறார். பேச்சாளரின் குரல் தழுதழுக்கும், நாமும் கண் கலங்குவோம். அந்த அழுகைக் கதை பிற்காலத்தில் சேர்ந்தது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அது ஒரு புறம் இருக்கட்டும்.

இன்று நான் எழுதுவது அந்தக் காட்சிக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பற்றி. அந்த மலையில் விழும் பனியையும், பனி உருகிய தண்ணீரை வைத்து நம் முன்னோர் செய்த ஒரு வேலையையும் பற்றி. ஆட்சி போய் 500 வருடங்களுக்குப் பிறகும் அந்த வேலை அங்கே நடக்கிறது. அது நம் உரைகளில் வருவதில்லை.

கிரனாடாவுக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரை ஸ்பானியர் சியரா நெவாடா என்கின்றனர். பனி மலை என்பது பொருள். அரபியிலும் அதற்கு ஜபலுத் தல்ஜ், அதாவது பனி மலை என்றே ஒரு பெயர் இருந்தது. ஷுலைர் மலை என்றும் சொன்னார்கள். அதன் உச்சி சுமார் 3,480 மீற்றர். ஐபீரியக் குடாநாட்டில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. பெயர் முல்ஹசேன். அபூ அப்துல்லாஹ்வின் தந்தை மௌலாய் ஹஸனின் பெயர்தான் ஸ்பானிய வாயில் அப்படி ஆகிவிட்டது. அவர் அங்கே அடக்கப்பட்டார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. இந்தச் சிகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் 35 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் வெப்பமான கடற்கரை, மறுபக்கம் பனி மூடிய சிகரம்.

இனி அந்த மண்ணின் சிக்கலைப் பார்ப்போம். கிரனாடா நகரில் ஆண்டு மழை 400 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஒக்டோபருக்கும் மே மாதத்துக்கும் இடையில் பெய்துவிடும். ஜூலை, ஓகஸ்ட்டில் மழை இல்லை என்றே சொல்லலாம். பயிருக்கோ அந்த மாதங்களில்தான் தண்ணீர் வேண்டும். வானம் தரும் காலம் வேறு, வயல் கேட்கும் காலம் வேறு. நம் மன்னர்கள் இதே சிக்கலுக்குக் குளம் கட்டினார்கள். கிரனாடாவில் அந்தக் குளத்தின் வேலையைக் குளிர் செய்தது.

2,000 மீற்றருக்கு மேலே குளிர்காலத்தில் விழுவது பெரும்பாலும் மழையல்ல, பனி. மழை விழுந்த அன்றே ஓடத் தொடங்கும். பனி விழுந்த இடத்திலேயே தங்கும். புதிதாக விழுந்த பனி பஞ்சு போன்றது. அதில் பத்தில் ஒரு பங்களவே தண்ணீர். ஆனால் வாரக்கணக்கில் கிடந்து, இறுகி, வசந்த காலத்தை அடையும்போது அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் 40 வீதம் அளவுக்கு வந்துவிடும். அப்படி இறுகிய பனி 1 மீற்றர் ஆழத்துக்குக் கிடந்தால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 400 லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். நகரில் ஒரு வருடம் பெய்யும் மழையைவிட அது அதிகம். அணையும் இல்லை, மதகும் இல்லை. மார்ச்சில் வெயில் ஏற ஏற அது மெதுவாகத் திறக்கும். பகலில் உருகும், இரவில் உறையும். மேலே உள்ள ஓடைகளில் மாலையில் நீர் கூடி, விடியற்காலையில் குறைவதும் இதனால்தான்.

ஆகவே அந்த மலை ஆறுகளின் தலைவிதியைக் குளிர்காலத்தின் இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, வானத்திலிருந்து விழுந்த மொத்த அளவு. நம் புவியியல் பாடநூல்கள் இதைப் படிவுவீழ்ச்சி என்கின்றன. மற்றது வெப்பநிலை. எவ்வளவு தண்ணீர் என்பதைப் பெரும்பாலும் முதலாவது சொல்லும். எப்போது வரும் என்பதை இரண்டாவது சொல்லும். இதை நான்கு குளிர்காலங்களாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

முதலாவது, குளிரும் அதிகம், வீழ்ச்சியும் அதிகம். பனி ஆழமாகக் கிடக்கும். மே, ஜூனில் ஆறு நிறைந்து ஓடும், கோடையின் நடுப்பகுதி வரை தண்ணீர் வரும். விவசாயிக்கு இதுவே பரக்கத்தான வருடம்.

இரண்டாவது, குளிர் உண்டு, வீழ்ச்சி இல்லை. விழுந்த கொஞ்சம் பத்திரமாக இருக்கும், ஆனால் கொஞ்சம்தான். வறட்சியான காற்றும் மலை வெயிலும் சேர்ந்து அதிலும் ஒரு பகுதியை உருகவிடாமலே நேரடியாக ஆவியாக்கிவிடும்.

மூன்றாவது, வீழ்ச்சி அதிகம், குளிர் இல்லை. ஏமாற்றும் குளிர்காலம் இதுதான். மழைமானியைப் பார்த்தால் நல்ல வருடம் என்று தோன்றும். ஆனால் வந்தது மழையாக வந்துவிட்டது. ஜனவரியில் ஆறு பெருகும். பனியின் மேல் மழை பெய்து, பனியையும் கரைத்துக்கொண்டு வெள்ளமாகவும் வரலாம். ஜூலையில் அதே ஆறு கல் தெரியக் கிடக்கும்.

நான்காவது, குளிரும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை அந்தலூஸ் மக்கள் எண்களில் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்த இடங்களை யோசித்துப் பாருங்கள். 743 அளவில் கிரனாடாப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்ட சிரியப் படைப்பிரிவு திமிஷ்கைச் சேர்ந்தது. திமிஷ்கின் பரதா நதி, லெபனான் எல்லை மலைகளின் பனி உருகிய நீரால் வாழும் நதி. பர்பர் மக்களோ வட ஆபிரிக்காவின் அட்லஸ் மலைகளை அறிந்தவர்கள். அங்கும் பனி, அங்கும் மலைச்சரிவில் வாய்க்கால். பனி மலையின் கீழே எப்படி வாழ்வது என்பது இவர்களுக்குப் புதிய பாடமல்ல. பிற்கால அரபு எழுத்தாளர்கள் கிரனாடாவை அந்தலூஸின் திமிஷ்க் என்று அழைத்ததில் நியாயம் இருக்கிறது.

மலையின் வடக்குச் சரிவின் தண்ணீர் ஷனீல் நதியாக இறங்கி, கிரனாடாவைச் சுற்றியுள்ள சமவெளிக்குப் பாய்ந்து, கடைசியில் அல்வாதில் கபீர் என்ற பெரிய ஆற்றில் சேரும். இன்றைய ஸ்பானிய மொழியில் ஷனீல் ஹெனில் ஆயிற்று, அல்வாதில் கபீர் குவாதல்கிவீர் ஆயிற்று. அல்ஹம்ராவின் தண்ணீரும் இப்படி மலையிலிருந்து வந்ததுதான். 1238இல் கிரனாடாவில் நஸ்ரி வம்ச ஆட்சியை அமைத்த முதலாம் முஹம்மத், தர்ரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீற்றர் மேலே இருந்து அரச வாய்க்கால் ஒன்றை வெட்டிக் குன்றுக்கு நீர் கொண்டுவந்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் நீரூற்றுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த வாய்க்கால் இருக்கிறது.

1350 அளவில் இப்னு பதூதா கிரனாடாவுக்கு வந்தார். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன் நமது புத்தளத்தில் கரையிறங்கி, பாவாதமலை ஏறிச் சென்ற அதே இப்னு பதூதாதான். கிரனாடாவில் சுல்தான் முதலாம் யூசுப் நோயுற்றிருந்ததால் அவரைச் சந்திக்க முடியவில்லை. ஆனால் நகரைச் சூழ்ந்த தோட்டங்களையும் ஷனீல் நதியையும் மனம் நிறைந்து புகழ்ந்து சொல்லியிருக்கிறார். மழை குறைந்த ஒரு நாட்டில் அவர் கண்ட அந்தப் பச்சை, முந்தைய குளிர்காலத்தின் பனி.

இனிதான் நான் சொல்ல வந்த விடயம்.

மலையின் தெற்குச் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். அங்கே வெயில் நேராக விழும். அதனால் வடக்கைவிடப் பனி சீக்கிரம் உருகிவிடும். சரிவும் செங்குத்து. ஏப்ரல், மே மாதங்களில் உருகும் நீர் ஓடைகளில் பாய்ந்து குவாதல்ஃபியோ ஆற்றில் விழுந்து கடலுக்குப் போய்விடும். பயிர் வாடும் காலத்தில் ஓடை மெலிந்திருக்கும். அணை கட்டித் தேக்க இடமும் இல்லை, அந்தக் காலத்தில் அதற்கு வழியும் இல்லை.

அந்த மக்கள் செய்தது இதுதான். மலையின் மிக உயரத்தில், ஓடைகள் பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே, அவற்றை மறித்து நீண்ட மண் வாய்க்கால்களை வெட்டினார்கள். அவை தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகவில்லை. மலைச்சரிவின் குறுக்கே நடத்திச் சென்று, மண் தண்ணீரை உறிஞ்சக்கூடிய இடங்களாகப் பார்த்து விட்டுவிட்டன. தண்ணீர் மலைக்குள் இறங்கியது. அந்த மலை சிஸ்ட் என்ற, ஏடு ஏடாகப் பிளக்கும் பாறையாலானது. அடியில் உறுதியானது, மேலே உக்கி வெடித்த ஒரு படை. அந்தப் படைக்குள் தண்ணீர் மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகரும். ஓடையில் விட்டால் சில மணித்தியாலங்களில் பள்ளத்தாக்கை அடைந்துவிடும் நீர், பாறைக்குள் வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொள்ளும். கீழே ஊர்களின் பக்கத்தில் ஊற்றாக வெளிவரும்போது கோடை நடந்துகொண்டிருக்கும்.

இதை அங்கே கரேயோ என்கிறார்கள். தண்ணீரை விதைப்பது என்றும் சொல்வதுண்டு. வசந்தத்தில் விதைத்து, கோடையில் அறுவடை.

பனி ஒரு களஞ்சியம் என்றால், அது உருகத் தொடங்கியதும் இவர்கள் இரண்டாவது களஞ்சியமாக மலையையே ஆக்கினார்கள். குளிர் எத்தனை மாதம் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பது மனிதன் கையில் இல்லை. குளிர் கைவிட்ட பிறகு அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சக் காலம் தாமதப்படுத்துவது அவன் கையில் இருந்தது. ஐரோப்பாவில் தரைக்கீழ் நீரைச் செயற்கையாக ஊட்டும் முறைகளில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது இது என்று இதை ஆராய்ந்த ஸ்பானியப் புவிச்சரிதவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மதரஸாவில் கொஞ்சம் அரபி படித்தவர்களுக்கு அந்த ஊர் விவசாயியின் பேச்சு காதில் பட்டாலே புரியும். வாய்க்காலுக்கு அசெக்கியா என்பார். அது அஸ்ஸாகியா. இரவில் வரும் தண்ணீரைத் தேக்கும் தொட்டி அல்பெர்க்கா, அதாவது அல்பிர்கா. நிலத்தடித் தொட்டி அல்ஹிபே, அதாவது அல்ஜுப். வாய்க்காலைக் கவனிக்க அசெக்கியெரோ என்று ஒருவர் இருப்பார். நம் கிழக்கு மாகாண வயல்களின் வட்டவிதானை போன்றவர் அவர். எந்த நாளில் எந்த வாய்க்காலைத் திறப்பது, மேலூர் எப்போது நிறுத்திக் கீழூருக்கு விடுவது, யாருக்கு எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வசந்தத்தில் வாய்க்காலில் விழுந்த கல்லையும் மண்ணையும் அள்ளுவதற்கு ஊரே மண்வெட்டியோடு போகும்.

அந்த மனப்பாடம்தான் வரலாற்றில் சோதனைக்குள்ளானது.

1492 உடன்படிக்கை மார்க்கத்துக்கும் வழக்கங்களுக்கும் பாதுகாப்புத் தந்தது. பத்து வருடங்களுக்குள் அது மீறப்பட்டு, மக்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். அவர்களையே மொரிஸ்கோக்கள் என்பது. 1567இல் இரண்டாம் பிலிப்பின் ஆட்சி அரபு மொழியையும் அவர்களது உடையையும் குளிப்பு மண்டபங்களையும் தடை செய்தது. 1568 டிசம்பரில் அல்புஹாராவில் கிளர்ச்சி வெடித்தது. அது கொடூரமாக அடக்கப்பட்டது. 1570 நவம்பரில் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் ஊரோடு ஊராகப் பிடிக்கப்பட்டு, குளிரில் கஸ்டீலியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 80,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வழியிலேயே பலர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள்.

வெறுமையான ஊர்களுக்கு வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் 12,000 அளவு குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது, நிலம் கிடைத்தது, மல்பெரித் தோட்டம் கிடைத்தது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் எந்த மதகு என்று தெரியாது. நிலங்களையும் நீரையும் பதிவதற்கு அரச அலுவலர்கள் ஊர் ஊராக வந்தபோது, பல இடங்களில் இடமறிந்த மொரிஸ்கோக்களையே கூட்டிச் சென்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. தண்ணீர்ப் பங்கு மொரிஸ்கோக்களின் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது அந்தப் பதிவேடுகளில் வரும் ஏற்பாடு. 1609இல் வலென்சியாவிலிருந்து மொரிஸ்கோக்களை நாடுகடத்தும் கட்டளையிலும், நூறு வீட்டுக்கு ஆறு வீட்டார் தங்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. சீனி ஆலைகளும் நெல்லும் நீர்ப்பாசனமும் சிதையாமல் பார்த்துக்கொள்வதற்காக.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மொழியைத் தடை செய்தவர்கள் வாய்க்காலுக்கு அந்த மொழியில்தான் பெயர் சொன்னார்கள். மக்களை விரட்டியவர்கள் அவர்களது வழக்கத்தையே சட்டமாக வைத்துக்கொண்டார்கள். பெருந்தன்மையால் அல்ல. ஜூலையில் தண்ணீர் வர வேண்டும் என்றால் வேறு வழியில்லை. பனி உருகும் காலம் எந்த மன்னரின் கட்டளைக்கும் மாறாது.

அப்படி அந்த முறை நானூறு வருடங்கள் கத்தோலிக்க விவசாயிகளின் கையில் உயிரோடு இருந்தது. இதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெட்டியவர்கள் முஸ்லிம்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் மண் அள்ளிக் காப்பாற்றியவர்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்கள். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் இன்று பேச ஒன்றும் இருந்திராது.

அது நலிந்தது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், எவருடைய தடையும் இல்லாமல். இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குப் போனார்கள். ஊரில் மண்வெட்டி பிடிக்க ஆளில்லை. மிஞ்சிய வாய்க்கால்களில் சிலவற்றுக்குச் சீமெந்து பூசினார்கள், சிலவற்றைக் குழாயாக்கினார்கள். கசிவு வீண் என்று நினைத்தார்கள். ஆனால் கரேயோவில் கசிவுதான் நோக்கமே. கசிவு நின்றதும் கீழே ஊற்றுகள் மெலிந்தன. வாய்க்கால் ஓரத்தில் வாழ்ந்த கஷ்கொட்டை மரங்கள் வாடத் தொடங்கின.

2014இல் அல்புஹாராவின் கஞார் என்ற சிற்றூரில் பல்லாண்டாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால் ஒன்றைக் கிரனாடாப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ஹொசே மரியா மார்ட்டின் சிவான்டோஸின் குழுவினரும் ஊராரும் மாணவர்களும் சேர்ந்து கையால் தோண்டி மீட்டார்கள். தண்ணீர் மீண்டும் ஓடியது. அதன் பிறகு வேறு ஊர்களிலும் இந்த வேலை தொடர்ந்தது. பெர்ச்சுலெஸ் என்ற ஊரின் மேலே கரேயோவின் தண்ணீர் எங்கே இறங்கி எங்கே வெளிவருகிறது என்று நீரியல் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கோடையில் ஊற்றுகளையும் ஆற்றையும் அது உயிரோடு வைத்திருக்கிறது என்பது அளவீட்டிலும் உறுதியானது.

இப்போது ஏன் இவ்வளவு அக்கறை? குளிர்காலம் மாறிவிட்டது. மலையில் ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது சாதாரண தரத்திலேயே நாம் சொல்லிக்கொடுப்பது. அதைத் திருப்பிப் போடுங்கள். பூமி 1 பாகை சூடானால் மழை பனியாக மாறும் எல்லை சுமார் 150 மீற்றர் மேலே போகும். மலை கூம்பு வடிவம். மேலே போகப் போகப் பரப்புச் சுருங்கும். எனவே எல்லை கொஞ்சம் உயர்ந்தாலும் பனி தங்கும் நிலத்தில் பெரிய பங்கு போய்விடும். வெலேட்டா சிகரத்தின் கீழே ஐரோப்பாவின் தென்கோடிப் பனிக்கட்டியாறு ஒன்று இருந்தது. அது கடந்த நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. முன்பு கழுதைகளோடு மலையேறி, கோடையில் பனி வெட்டி நகரில் விற்ற ஒரு தொழிலாளர் கூட்டமும் கிரனாடாவில் இருந்தது. அவர்கள் நடந்த பாதை மட்டும் இன்று மிச்சம். மேலே சொன்ன நான்கு குளிர்காலங்களில் மூன்றாவதும் நான்காவதும் இனி அடிக்கடி வரும்.

ஆறு முன்கூட்டியே பெருகி முன்கூட்டியே வற்றுவது மட்டுமல்ல பிரச்சினை. ஐக்கிய அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஆற்று வடிநிலங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பனியின் பங்கு குறையும் இடங்களில் ஆண்டு முழுவதற்குமான ஆற்றுநீரும் குறையும் போக்கு உண்டு என்பது அதன் முடிவு. களஞ்சியம் சிறுத்தால் உள்ளே வருவதும் குறைகிறது.

கரேயோ இதற்கெல்லாம் மருந்தல்ல. விதைப்பதற்குத் தண்ணீர் வேண்டும். பனியும் மழையும் இல்லாத வருடத்தில் வாய்க்காலும் வறண்டுதான் கிடக்கும். ஆனால் ஜனவரியிலேயே மழையாக ஓடிவிடும் தண்ணீரையும் பிடித்து மலைக்குள் இறக்கலாம். பனி இழந்த வேலையில் ஒரு பகுதியை மண் செய்யும். அதனால்தான் விஞ்ஞானிகள் ஆயிரம் வருடப் பழைய வாய்க்காலைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தலூஸைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுவதும் தவறில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அல்ஹம்ராவின் படத்தைக் காட்டும்போது அதன் பின்னால் தெரியும் வெள்ளைச் சிகரத்தையும் காட்டுவோம். மாளிகை கட்டிய சுல்தான்களின் பெயர் நமக்குத் தெரியும். 2,000 மீற்றர் உயரத்தில் மண்வெட்டியோடு நின்று, இந்தத் தண்ணீரை எங்கே விட்டால் ஜூலையில் எந்த ஊற்றில் வரும் என்று கண்டுபிடித்தவரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஸதகத்துல் ஜாரியா என்று நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவரது பேரப்பிள்ளைகள் விரட்டப்பட்டார்கள். அவர் விட்ட தண்ணீரை இன்றும் யாரோ குடிக்கிறார்கள். இந்த வருடமும் மலையில் பனி உருகும்போது அந்த வாய்க்கால்களில் சில திறக்கப்படும்.